45 வயதுக்கு மேல் சைக்கிள், மலை, மைதானம்: கண்ணைத் தயார்ப்படுத்த முழுமையான வழிகாட்டி

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் சைக்கிள், மலையேற்றம், ஷட்டில் என்று எதில் புதிதாக இறங்கினாலும், கண்ணுக்காக முதலில் செய்வது கூலிங் கிளாஸ் வாங்குவதுதான். கோவையில் வார இறுதிகளில் எங்களோடு சேரும் புதியவர்களிடம் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். வரிசைப்படி அது ஐந்தாவது வேலை. முதல் நான்கையும் விட்டுவிட்டு அங்கே போனால் காசு வீணாகும். அதைவிட முக்கியம், மலையில் இறங்கும்போது கால் தவறும்.

வயதாகும்போது கண்ணுக்குள் நடப்பதில் மூன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். கண்ணின் வில்லை இறுகுவதால் கிட்டத்தில் உள்ளது மங்கும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணின் பாப்பா சுருங்கி, வில்லையும் மஞ்சளாவதால் உள்ளே போகும் வெளிச்சம் குறையும். 20 வயதுக்காரரின் விழித்திரைக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் கிடைக்கிறது. மூன்றாவது, வெயிலிலிருந்து நிழலுக்கோ வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கோ போனால் கண் பழகுவதற்கு நேரம் பிடிக்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான்.

தொடங்கும் முன் தேவையானவை

இப்போது போடும் கண்ணாடி, பழைய பவர் சீட்டு, ஓர் அளவு நாடா, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். அப்புறம் மூன்று நான்கு வாரப் பொறுமை. அடுத்த ஞாயிறு மலை ஏறப் போகிறோம், அதற்குள் கண்ணாடி வேண்டும் என்று அவசரப்பட்டால் பாதி படிகள் விட்டுப்போகும்.

1. முதலில் கண் மருத்துவர், பிறகுதான் கடை

கண்ணாடிக் கடையில் இயந்திரம் வைத்துப் பார்ப்பது பவரை மட்டும்தான். கண்புரை, கண் நீர் அழுத்த நோய், சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பு ஆகியவற்றுக்கு மருத்துவரின் பரிசோதனை தேவை. கண் நீர் அழுத்த நோயில் வலி இல்லாமலே பக்கவாட்டுப் பார்வை மெல்லக் குறையும். நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. சைக்கிள் ஓட்டுபவர், “அந்த பைக் திடீர்னு குறுக்கே வந்துடுச்சு” என்று அடிக்கடி சொன்னால் நான் முதலில் கேட்பது, கண் அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதுதான்.

பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது ஆண்டுதோறும் வேண்டும். சொட்டு போட்ட பிறகு சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். அன்று வண்டி ஓட்ட வேண்டாம், விளையாடவும் வேண்டாம். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

சர்க்கரை ஏறி இறங்கும் காலத்தில் பவரும் மாறும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு எடுத்த பவரையே கடைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமே கண்ணாடி பொருந்தாமல் போகும்.

மருத்துவரிடம் இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள்: கண்புரை எந்த அளவில் இருக்கிறது? பக்கவாட்டுப் பார்வை சரியா? விழித்திரையின் ஓரம் உறுதியாக இருக்கிறதா? மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள் மூன்றாவது கேள்வியை விடவே கூடாது. அவர்களுக்கு விழித்திரை மெலிந்து கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

2. உங்கள் விளையாட்டின் தூரங்களை அளந்து எழுதுங்கள்

இதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். “ஸ்போர்ட்ஸுக்குக் கண்ணாடி வேணும்” என்று மட்டும் சொன்னால் கடைக்காரரால் சரியாக உதவ முடியாது. எந்தத் தூரத்தில் எதைப் பார்க்கிறீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சைக்கிளில் வழக்கம்போல் உட்கார்ந்துகொண்டு, கண்ணிலிருந்து ஹேண்டில்பாரில் உள்ள மீட்டர் அல்லது போன் வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 60 முதல் 75 செ.மீ. வரும். மலையில் நிற்கும்போது கண்ணுக்கும் காலுக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 1.5 மீட்டர், நடக்கும்போது நாம் பார்க்கும் இடம் இரண்டு மூன்று அடி எடுத்துவைக்கும் தொலைவில், அதாவது 2 முதல் 3 மீட்டரில் இருக்கும். ஷட்டிலில் எதிராளியின் மட்டை, வலை, மேலே வரும் இறகுப்பந்து எல்லாமே தூரப் பார்வைதான். பஞ்சர் ஒட்டுவதும் தூண்டில் முள்ளில் நரம்பு கட்டுவதும் 40 செ.மீ.

இதை எப்படிப் பவராக மாற்றுவது? 1-ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுங்கள். தூரப் பார்வை சரி செய்யப்பட்ட கண்ணுக்கு, 50 செ.மீ.யில் தெளிவாகத் தெரியக் கூடுதலாக +2.00 வேண்டும், 40 செ.மீ.க்கு +2.50, 70 செ.மீ.க்கு +1.50 அளவில் போதும். ஐம்பதுகளில் உள்ளவர்களுக்கு வில்லையில் இன்னும் கொஞ்சம் நெகிழ்வு மிச்சம் இருப்பதால் சற்றுக் குறைந்த பவரே போதுமானதாக இருக்கும். இறுதி எண்ணைப் பரிசோதிப்பவர் முடிவு செய்யட்டும். தூரத்தைக் குறித்த தாளை அவர் கையில் கொடுங்கள்.

3. தினசரிக் கண்ணாடியை மலைக்குக் கொண்டு போகாதீர்கள்

அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நீங்கள் போடுவது பைஃபோகலோ ப்ரொக்ரசிவோ ஆக இருக்கும். அதன் மேல் பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிப்பதற்கு. இப்போது மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் +2.50 கூடுதலாக இருந்தால் அது தெளிவாகக் காட்டுவது 40 செ.மீ. பக்கத்தில் உள்ளதை. நீங்கள் இறங்கும் படியோ 1.5 மீட்டரில் இருக்கிறது. தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் படியின் விளிம்பு மங்கி, அந்த இடம் சற்று நகர்ந்தது போலவும் தெரியும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியின் மேலே நின்று, தலையை நேராக வைத்துக் கண்ணை மட்டும் இறக்கி இரண்டாவது படியின் விளிம்பைப் பாருங்கள். பிறகு தாடையை நெஞ்சோடு சேர்த்து, கண்ணாடியின் மேல் பகுதி வழியாகப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே நடைக்கும் மலைக்கும் தூரப் பவர் மட்டும் போட்ட தனிக் கண்ணாடி ஒன்று வேண்டும். 2010-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இதை முதியவர்களிடம் சோதித்தது. வழக்கமாக வெளியே போய் வருபவர்களுக்குத் தூரப் பவர் மட்டும் உள்ள கண்ணாடியைக் கொடுத்தபோது கீழே விழுவது குறைந்தது. வெளியே அதிகம் போகாதவர்களுக்கு அதே மாற்றத்தால் வெளியில் விழுவது கூடியது. பழக்கமில்லாமல் எப்போதாவது மாற்றிப் போட்டால் ஆபத்து என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். வாரம் ஒரு முறையாவது நடக்கிறவர்களுக்கே இந்த யோசனை.

கிட்டத்தில் பார்க்க என்ன செய்வது? ரெடிமேட் படிப்புக் கண்ணாடி ஒன்றைச் சைக்கிள் பையில் போட்டுவையுங்கள், பஞ்சருக்கும் மாத்திரை அட்டை படிக்கவும் போதும். தூரத்துக்கே பவர் உள்ளவர்களுக்கு ரெடிமேட் சரிப்படாது; பழைய படிப்புக் கண்ணாடியை எடுத்து வைக்கலாம். மைனஸ் 2, 2.5 உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றினாலே கிட்டத்தில் நன்றாகத் தெரியும். ஓட்டும்போது மீட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் திரையில் இரண்டே எண்கள் மட்டும் பெரிதாகத் தெரியும்படி மாற்றுங்கள். வழியைப் போன் குரலில் சொல்லட்டும்.

4. லென்ஸும் ஃபிரேமும்

கண்ணாடிச் சில்லு லென்ஸ் வேண்டவே வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸும் பலமான அடியில் உடையும். பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ் கேளுங்கள். இரண்டும் அடி தாங்கும். பாலிகார்பனேட்டில் கீறல் சுலபமாக விழும், அதனால் கீறல் தடுப்புப் பூச்சு சேர்த்தே வாங்குங்கள். கீறல் விழுந்த லென்ஸில் எதிர்வெயில் பட்டால் முன்னால் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

முகத்தைச் சுற்றி வளையும் ஃபிரேம் காற்றையும் தூசியையும் தடுக்கும். பவர் அதிகமானால் அந்த வளைவில் ஓரங்கள் கோணலாகத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வளைவு குறைந்த ஃபிரேமோ, உள்ளே தனியாக மாட்டும் பவர் லென்ஸ் உள்ள வகையோ வாங்கலாம். கடையில் போட்டுப் பார்க்கும்போது குதியுங்கள், குனிந்து எழுந்திருங்கள். வியர்வையில் சரியும் ஃபிரேம் தூரப் பவரையும் சேர்த்துக் கெடுக்கும். பின்னால் கட்டும் பட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கூச்சப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

5. இப்போது நிறம்

நிறம் எவ்வளவு கருமை என்பது வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. நிறமே இல்லாத நல்ல லென்ஸும் புற ஊதாவைத் தடுக்கும். நடைபாதைக் கடையில் வாங்கிய கருப்புக் கண்ணாடி தடுக்காமலும் இருக்கலாம். அப்படிப்பட்ட கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பாப்பா விரிந்து கதிர் கூடுதலாக உள்ளே போகும். யுவி 400 என்று உறுதியாகச் சொல்லும் லென்ஸையே வாங்குங்கள்.

புதியவர்கள் இங்கே பெரும்பாலும் மிகக் கருமையாக எடுத்துவிடுகிறார்கள். வயதான கண்ணுக்கு வெளிச்சம் ஏற்கெனவே குறைவு. சிறுவாணி சாலை போல மரநிழலும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்தில், கருப்புக் கண்ணாடியோடு நிழலுக்குள் போகும் அந்தச் சில நொடிகளில் குழியும் பெயின்ட் அடிக்காத வேகத்தடையும் தெரியாது. என் பரிந்துரை: வெட்டவெளிக்கு நடுத்தரப் பழுப்பு நிறம், மரநிழல் பாதைக்கு வெளிர் நிறம் அல்லது நிறமே இல்லாதது, கூடவே விளிம்பு நீண்ட தொப்பி. தொப்பி மேலிருந்து வரும் கூச்சத்தை மறைக்கும், பார்க்கும் இடத்தின் வெளிச்சத்தைக் குறைக்காது.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ் வசதிதான். ஆனால் சூடு அதிகமான நேரத்தில் குறைவாகவே கறுக்கும், நிழலுக்கு வந்தால் தெளிய நிமிடக்கணக்கில் ஆகும். மெதுவாக நடப்பவருக்குச் சரி, வேகமாக ஓட்டுபவருக்கு வேண்டாம். போலரைஸ்டு லென்ஸ் நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டும் என்பதால் மீன் பிடிப்பவர்களுக்கும் படகு வலிப்பவர்களுக்கும் மிக நல்லது. அதைப் போட்டுக்கொண்டு சில கோணங்களில் பார்த்தால் போன் திரை இருண்டு போகும். வாங்கும் முன் உங்கள் போனை வைத்தே பாருங்கள். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும். வாங்காதீர்கள்.

6. கான்டாக்ட் லென்ஸ் யோசிப்பவர்களுக்கு

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறையில் ஆழம் கணிப்பது குறையும். பந்து விளையாட்டுக்கும் மலை இறக்கத்துக்கும் அது ஆகாது. ஆற்றிலோ நீச்சல் குளத்திலோ லென்ஸோடு இறங்கக் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது; தண்ணீரில் உள்ள அமீபா கருவிழியில் கடுமையான தொற்றை உண்டாக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கண் சீக்கிரம் உலர்ந்து உறுத்தும். அந்த மாதங்களில் வளைந்த கண்ணாடியே போதும்.

7. புதுக் கண்ணாடியை எங்கே பழகுவது

வாங்கிய மறுநாளே மலைக்குப் போகாதீர்கள். பவரும், குறிப்பாகச் சிலிண்டர் பவரும் (கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்வது) மாறியிருந்தால் தரை சாய்ந்தோ மேலே எழும்பியோ தெரியும். மூளை அதற்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

முதலில் வீட்டுக்குள், பிறகு மாடிப்படி, பிறகு பூங்கா, பிறகு கல்லும் வேருமான பாதை. சைக்கிளென்றால் முதலில் ஆளில்லாத தெருவில் ஓட்டுங்கள். மாடிப்படி இறங்கும்போது காலால் தேடாமல் இறங்க முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். இரண்டு வாரத்துக்குப் பிறகும் தரை சாய்ந்தே தெரிந்தால் கடைக்குத் திரும்புங்கள். லென்ஸின் மையம் உங்கள் பாப்பாவுக்கு நேராக இல்லாமல் போயிருக்கலாம்.

8. நேரமும் திசையும்

காலையில் கிழக்கு நோக்கி ஓட்டினால் சூரியன் நேரே கண்ணில் விழும். கண்புரை தொடங்கியவர்களுக்கு அது தாங்கவே முடியாது. விடிந்ததும் மேற்கே போய், சூரியன் உயர்ந்த பிறகு கிழக்கே திரும்பும்படி பாதையை அமையுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில்தான் அது அடிக்கிறது. அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பளிச்சென்ற சட்டையும், பகலிலும் மின்னும் முன்விளக்கும் அவசியம். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி ஒன்றை ஹேண்டில்பாரின் வலது பக்கம் மாட்டிவிட்டால் கழுத்தைத் திருப்பும் வேலையும் குறையும்.

டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடுபவர்கள் பந்து அழுக்கேறி நிறம் மங்கியதும் மாற்றுங்கள். பொழுது சாயும்போது “இன்னும் ஒரு ஓவர்” என்று இழுக்க வேண்டாம். இருபது வயதுப் பையனுக்குத் தெரியும் பந்து அந்த வெளிச்சத்தில் உங்களுக்குத் தெரியாது.

9. மலை இறக்கமும் இரவு நடையும்

வெள்ளியங்கிரியில் பலரும் இரவில் ஏறுகிறார்கள். அடிவாரக் கடைகளின் வெளிச்சத்திலிருந்து நேராக இருட்டுக்குள் போனால் கண் முழுதாகப் பழக அரை மணி நேரமாகும், வயதானவர்களுக்கு அதற்கும் மேலே. அதனால் முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக நடங்கள். நடுவில் போன் திரையைப் பார்த்தால் பழகிய கண் மறுபடி கெட்டுவிடும்.

தலையில் மாட்டும் டார்ச் மட்டும் போதாது. அதன் ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்து, படிகள் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். இடுப்பளவில் ஒரு கை டார்ச்சைப் பிடித்தால் நிழல் நீண்டு, மேடும் பள்ளமும் தனித்தனியாகத் தெரியும். பனிமூட்டத்தில் தலை டார்ச் கண் முன்னே வெள்ளைத் திரையாகிவிடும், அப்போது அதை அணைத்துவிடுங்கள்.

மூங்கில் தடி ஏறுவதற்கு மட்டும் என்று நினைத்து, இறங்கும்போது தோளில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கும். இறக்கத்தில்தான் தடி கண்ணின் வேலையைச் செய்கிறது. அடுத்த படியைத் தடியால் தொட்டு உயரம் தெரிந்த பிறகு காலை வையுங்கள். முடிந்தால் இறக்கத்தைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஷட்டிலும் பூப்பந்தும்

இறகுப்பந்தின் தக்கை 25 முதல் 28 மி.மீ. குறுக்களவு. கண்குழியின் எலும்பு பெரிய பந்தைத் தடுக்கும். இந்தத் தக்கை அந்த எலும்புக்குள் நேராகப் புகுந்து விழியைத் தாக்கும். இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவர் “பார்ட்னர் எங்கே” என்று திரும்பும்போது, அந்தப் பார்ட்னர் அடித்த பந்தே முகத்தில் படும். முன்னால் நின்றால் முகம் வலையைப் பார்த்தே இருக்க வேண்டும். இதைப் புதியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சாதாரணப் பவர் கண்ணாடி இங்கே பாதுகாப்பு ஆகாது. ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பு மட்டை விளையாட்டுகளுக்கென வகுத்த எஃப்3164 தரம் (முன்பு எஃப்803) குறிக்கப்பட்ட பாலிகார்பனேட் கண் கவசம் வாங்குங்கள். பவரோடும் கிடைக்கும், பவர் கண்ணாடிக்கு மேலே மாட்டும் வகையும் உண்டு.

வெள்ளைச் சுவருக்கு எதிரே வெள்ளை இறகுப்பந்து மறைந்துவிடும். வெளியில் ஆடும்போது மஞ்சள் நைலான் பந்தும், பின்னால் கட்டிய பச்சைத் துணியும் பெரிய உதவி. அணிக்கு ஐந்து பேர் ஆடும் பூப்பந்தில் (பால் பேட்மின்டன்) கம்பளிப் பந்து மஞ்சளாகவே இருப்பது நமக்குச் சாதகம், ஆனால் உயரமாக வரும் பந்து சூரியனுக்குள் போய்விடும். களத்தை வடக்கு தெற்காகப் போட்டால் காலையும் மாலையும் இந்தத் தொல்லை குறையும். வலையருகே பந்து வர நேரம் மிகக் குறைவு. பார்வை தளர்ந்தவர் ஐந்து பேரில் பின்வரிசைக்குப் போவது அணிக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

11. கண்புரை அறுவைக்குப் பிறகு

எந்தத் தேதியிலிருந்து ஓடலாம், எப்போது நீந்தலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அறுவைக்கு முன்பே உங்கள் விளையாட்டையும் இரண்டாம் படியில் எழுதிய தூரங்களையும் சொல்லுங்கள், எந்த வில்லை வைப்பது என்பதை அது மாற்றக்கூடும். பல தூரத்துக்குமான வில்லையில் சிலருக்கு இரவு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். விடியும் முன் சைக்கிள் எடுப்பவர் இதைத் தெரிந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கண் மட்டும் முடிந்து மறு கண் பாக்கி இருக்கும் வாரங்களில் ஆழம் சரியாகப் பிடிபடாது. அப்போது சமதள நடை மட்டும்.

12. ஆட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

திடீரென்று மின்னல் போல வெளிச்சம் அடிப்பது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல இருப்பது ஆகியவை விழித்திரை கிழிவதன் அறிகுறிகள். வலி இருக்காது. வலி இல்லையே என்று திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். ஒரு கண்ணில் பார்வை திடீரென்று போவதும், தலைவலி, வாந்தியோடு கண் சிவந்து வலிப்பதும் அப்படித்தான்.

பந்து கண்ணில் பட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள். சற்று நேரத்தில் பார்வை தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், அழுத்தம் பிறகு ஏறலாம். முள்ளோ கம்பியோ குத்தியிருந்தால் பிடுங்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஒரு காகிதக் கப்பைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, இரவிலும் இயங்கும் கண் மருத்துவமனைக்குப் போங்கள். அந்த மருத்துவமனையின் எண்ணை உங்கள் போனிலும் உடன் வருபவர் போனிலும் முன்பே பதிந்துவையுங்கள். வண்டியை அவரே ஓட்டட்டும்.